போத்தலில் ஒட்டிய சீட்டு

சென்ற மாதம் பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைவரை ஒரு நடை போய் வந்தேன். கட்டுரை திருத்தப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். கட்டுரையை எழுதியவன் என் பழைய மாணவன். அதைப் படிக்க வேண்டியதோ மனிதர் அல்ல, ஒரு இயந்திரம். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1989-இல் நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. களைக்கொல்லியைத் தோட்டத்தில் யாரும் களைக்கொல்லி என்று சொல்வதில்லை. 'மருந்து' என்றுதான் சொல்வோம். லயத்துக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்ததால், அம்மா ஒருநாள் மிச்ச மருந்தைச் சின்னப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இப்படிச் செய்யாத வீடு குறைவு. இப்போது யாரும் செய்யக் கூடாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நீதான் பள்ளிக்கூடம் போறியே, இது என்னான்னு எழுதி ஒட்டு" என்றார். பயிற்சிப் புத்தகத் தாளைக் கிழித்து, கோடு போட்டு, முத்து முத்தான எழுத்தில் 'மருந்து' என்று எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தாவுக்கு வயிற்று வலி. வீட்டில் வேறு ஆள் இல்லை. போத்தலை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். மூடியைத் திறந்தார். வேலை முடிந்து அந்த நேரம் அம்மா வாசலில் கால் வைத்ததால்தான் தாத்தா அதற்கப்புறமும் பதினோரு வருடம் இருந்தார். போத்தலைப் பிடுங்கிய கையோடு அம்மா என்னை அடிக்க ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. "எழுதினவளுக்குத் தெரிஞ்சா போதுமா? எடுக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த பாடங்கள் பல மறந்து போயின. இந்தக் கேள்வி மறக்கவில்லை. என் எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை. சொல்லும் பொய் இல்லை, தோட்டத்தில் அதன் பெயரே மருந்துதான். ஆனாலும் அந்தச் சீட்டு ஒரு உயிரைக் குடிக்கப் பார்த்தது.

இனி பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம்.

என் மாணவன் ஒரு சின்ன அலுவலகத்தில் கணினிக்கு நிரல் எழுதும் வேலை செய்கிறான். அவன் அம்மா கிள்ளானில், ஆற்றுக்குத் தூரமில்லாத ஒரு தாமானில் இருக்கிறார். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி நம்மில் யாருக்கு மறக்கும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாத மழை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கி, சனங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து இரவில் மழை வலுத்தால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் அவன், அம்மா தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் ஒரு உதவியாளைக் கைத்தொலைபேசியில் செய்து வைத்தான். இதைத்தான் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டு என்கிறார்கள். வீட்டுக்கு வரும் இன்சூரன்ஸ் ஏஜெண்டு அல்ல. நாம் ஒரு வேலையைச் சொன்னால், அதற்கு எந்தக் கருவி வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்துச் செய்து முடிக்கும் கணினி ஏஜெண்டு.

அது எப்படி வேலை செய்கிறது என்று அவன் எனக்கு விளக்கினான். அந்த நுண்ணறிவு ஏராளமான எழுத்தைப் படித்துப் பேசப் பழகியது. ஆனால் இந்த நிமிடம் கிள்ளானில் மழையா, வெயிலா என்று அதற்குத் தானாகத் தெரியாது. வெளியே இருக்கும் ஒரு கருவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி என்றால் சுத்தியலோ உளியோ அல்ல, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல். ஒன்று வானிலை பார்க்கும், ஒன்று செய்தி அனுப்பும், ஒன்று கணக்குப் போடும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் நுண்ணறிவு இப்படிக் கருவிகளை அழைக்க வழி செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம், எந்த ஏஜெண்டையும் எந்தக் கருவியோடும் இணைக்க உதவும் ஒரு பொது முறையை வெளியிட்டது. எந்த வீட்டுச் சாமானையும் செருகலாம் என்று சுவரில் ஒரே மாதிரி பிளக் வைத்ததுபோல.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஏஜெண்டு கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான்: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று எழுதிய குறிப்பு, அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். போத்தல் அதன் கையில், திறந்து முகர்ந்து பார்க்க மூக்கு இல்லை. ஒட்டிய சீட்டுதான் அதற்கு எல்லாம்.

என் மாணவன் இரண்டு கருவிகளை இணைத்திருந்தான். இரண்டும் அரசாங்கத்தின் 'டேட்டா டாட் கவ் டாட் எம்வை' என்ற தரவுத்தளத்திலிருந்து வருபவை. மலேசிய வானிலைத் துறையின் தகவலை அங்கே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒன்று ஏழு நாளைக்கான முன்னறிவிப்பு, நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுவது. மற்றொன்று எச்சரிக்கை, தேவை ஏற்படும் போதெல்லாம் வெளிவருவது. இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லாமலே விளங்கும். அவனுக்கும் விளங்கியிருந்தது. அதனாலேயே முதல் கருவிக்கு 'வானிலை விவரம் தரும்' என்றும், இரண்டாவதற்கு 'வானிலைத் தகவல் தரும்' என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டான்.

ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டியது. அம்மா கேட்டார்: "இப்ப ஏதும் எச்சரிக்கை இருக்காப்பா?" ஏஜெண்டு முதல் கருவியை எடுத்தது. "இன்று பிற்பகலில் சில இடங்களில் மழை பெய்யலாம்" என்று அமைதியாகப் பதில் சொன்னது. காலையில் வந்த முன்னறிவிப்பு அது. அம்மா அதை நம்பிப் படுத்துவிட்டார். அன்றைக்கு வெளியாகியிருந்த இடிமழை எச்சரிக்கை மற்றப் போத்தலில் அப்படியே கிடந்தது. நல்லவேளையாக அன்று வெள்ளம் வரவில்லை.

"நிரலில் தப்பே இல்லை டீச்சர், பத்துத் தடவை பார்த்துட்டேன்" என்றான். தப்பு நிரலில் இல்லை, சீட்டில் இருந்தது. எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இருவரும் அந்தக் குறிப்புகளைத் திருப்பி எழுதினோம். முதல் கருவிக்கு இப்படி வந்தது:

'ஏழு நாள் முன்னறிவிப்பு. ஓர் இடத்துக்குக் காலை, பிற்பகல், இரவு மழை உண்டா என்பதையும், குறைந்த, கூடிய வெப்பத்தையும் தரும். நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நாளைக்குத் துணி காயப் போடலாமா, சனிக்கிழமைத் திருமணத்துக்குக் கூடாரம் வேண்டுமா போன்ற கேள்விகளுக்கு இதை எடு. இப்போது ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு இதை எடுக்காதே, அதற்கு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. இடத்தை மாவட்டப் பெயராகவோ பட்டணப் பெயராகவோ கொடு. பயனர் தோட்டத்தின் பெயரையோ தாமானின் பெயரையோ சொன்னால் ஊகிக்காதே, எந்த மாவட்டம் என்று கேள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடு. விடை மலாய்மொழியில் வரும், பொருளைத் தமிழில் சொல்.'

நீளமாக இருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஏன் வந்தது என்று பாருங்கள். தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 03-04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. சீட்டில் வரிசை இல்லையென்றால் ஏஜெண்டு தன் மனம்போல எடுத்துக்கொள்ளும். இடமும் அப்படித்தான். அந்தத் தரவுத்தளம் இடங்களை மாநிலம், மாவட்டம், பட்டணம் என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. நம் தோட்டத்தை அதில் தேடினால் கிடைக்குமா? கிடைக்காதபோது இயந்திரம் சும்மா இருக்காது, பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 'ஊகிக்காதே, கேள்' என்று எழுதினோம்.

இரண்டாவது குறிப்பில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். 'வெளியிடப்பட்ட வானிலை எச்சரிக்கைகளைத் தரும். தொடர்மழை, இடிமழை, பலத்த காற்று போன்றவை. இப்போது ஆபத்து உண்டா என்று கேட்டால் முதலில் இதை எடு' என்பதுவரை சுலபமாக வந்துவிட்டது. அதன் பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "பட்டியல் காலியாக வந்தால் உன் ஏஜெண்டு என்ன சொல்லும்?"

சோதித்துப் பார்த்தான். "ஆபத்து ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று வந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

எச்சரிக்கை வெளியாகவில்லை என்பது வேறு, ஆபத்து இல்லை என்பது வேறு. அதோடு, வானிலை எச்சரிக்கை மழையைப் பற்றியது. ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறை 'இன்ஃபோ பஞ்சிர்' இணையப் பக்கத்தில் வெளியிடும் சங்கதி. ஆகவே இன்னும் சில வரி சேர்த்தோம்: 'பட்டியல் காலியாக வந்தால், எச்சரிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை என்று மட்டும் சொல். ஆபத்து இல்லை என்று சொல்லாதே. ஆற்று நீர்மட்டம் இக்கருவியில் இல்லை. அதற்கு இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தைப் பார்க்கச் சொல், தண்ணீர் வீட்டை நெருங்கிவிட்டால் 999-ஐ அழைக்கச் சொல்.'

ஒரு கருவியால் என்ன முடியும் என்று எல்லோரும் எழுதுவார்கள். எது முடியாது என்று எழுதுகிறவர்தான் மற்றவர் உயிரை நினைத்து எழுதுகிறவர்.

எழுதி முடித்ததும் அவன் தன்னுடைய சொல்லிலேயே சோதிக்கப் பார்த்தான். "உன் அம்மா கேட்கிற மாதிரி கேள்" என்றேன். அவன் அம்மாவையே கூப்பிட்டு, மழை நாளில் என்ன கேட்பீர்கள் என்று கேட்டான். "தண்ணி வருமான்னுதான் கேப்பேன், வேற என்ன கேப்பேன்?" என்றார். அப்படியே தட்டினான். ஏஜெண்டு என்ன சொன்னது தெரியுமா? "குழாய் நீர் விநியோகம் பற்றிய தகவல் என்னிடம் இல்லை" என்றது! கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியுமா? இங்கே 'தண்ணி வருமா' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். குழாயில் வராதா என்ற கவலை ஒரு நாள், வீட்டுக்குள் வந்துவிடுமா என்ற கவலை ஒரு நாள். 'தண்ணி வருமா என்று கேட்டால், வெள்ளமா குழாய்த் தண்ணீரா என்று ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்' என்று அதையும் எழுதி வைத்தோம். இந்த ஒரு வரியை வெளிநாட்டில் இருக்கும் எந்தப் பெரிய பொறியாளராலும் எழுதியிருக்க முடியாது. இங்கே குடியிருக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

பிறகு அவன் இன்னும் இரண்டு செய்தி சொன்னான். உங்கள் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, தெளிவு என்பது நீளம் அல்ல. ஏஜெண்டு ஒவ்வொரு முறையும் எல்லாக் கருவிகளின் குறிப்பையும் படித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஐம்பது கருவிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினால் அதற்கும் தலை சுற்றும். ஒன்றுபோல இருக்கும் இரண்டு கருவிகளை முடிந்தால் ஒன்றாக்க வேண்டும். முடியாவிட்டால் எது எதற்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதே தரவுத்தளத்தில் ரயிலுக்கும் இரண்டு வகைத் தகவல் உண்டு: கால அட்டவணை ஒன்று, ரயில் இந்த நேரம் எங்கே ஓடுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் 'ரயில் தகவல்' என்று சீட்டு ஒட்டினால், கிள்ளான் நிலையத்தில் நிற்கும் பயணியிடம் தாமதமான ரயிலை நேரத்துக்கு வந்துவிடும் என்று சொல்லும்.

இரண்டாவது, சீட்டு பூட்டு ஆகாது. பணம் அனுப்பும் கருவி, கோப்பை அழிக்கும் கருவி போன்றவற்றில் 'உரியவரைக் கேட்காமல் செய்யாதே' என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதியதோடு விட்டுவிடக் கூடாது. உரியவர் சம்மதம் தராமல் அந்தக் கருவி ஓடாதபடி நிரலிலேயே தடை வைக்க வேண்டும். அதுபோல, முன்பின் தெரியாதவர் எழுதிய கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு இணைக்கக் கூடாது. குறிப்புக்குள்ளேயே கெட்ட கட்டளையை ஒளித்து வைத்து ஏஜெண்டை ஏமாற்ற முடியும் என்று 2025-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பொய்ச் சீட்டு ஒட்டிய போத்தலும் உலகத்தில் உண்டு.

'இதெல்லாம் படித்தவர்கள் வேலை, பால்வெட்டும் செம்பனையுமாக வாழ்ந்த குடும்பத்துக்கு இதில் என்ன?' என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் நான் மறுத்துச் சொல்ல விரும்புகிறேன். புதிதாக வந்த ஆளுக்குப் பால்வெட்டச் சொல்லிக் கொடுத்த நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். 'மரத்தை வெட்டு' என்றா சொன்னார்கள்? எந்தப் பக்கம் கோடு இறங்க வேண்டும், பட்டை எவ்வளவு மெல்லியதாக வர வேண்டும், கத்தி உள்மரத்தில் பட்டால் மரத்துக்கு என்ன கேடு, மழை பெய்தால் ஏன் வெட்டக் கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். எப்போது செய்யலாம், எப்போது கூடாது, தப்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தச் சொல்லும் திறமைக்குத்தான் இன்று பிரிக்பீல்ட்ஸ் அலுவலகங்களில் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் 2024 டிசம்பரில் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. பக்கத்துச் சிங்கப்பூரில் உருவாகும் 'சீ லயன்' என்னும் நுண்ணறிவு மாதிரி தமிழையும் தன் மொழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இயந்திரங்களுக்குச் சீட்டு எழுதும் வேலை பெருகத்தான் போகிறது. கிளினிக்கில் மருந்து நேரம் சொல்லவும், பள்ளிப் பேருந்தைத் தேடவும், அரசாங்க உதவிக்கு மனுப் போடவும் ஏஜெண்டுகள் வரும். எழுதுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தால்தான், 'தண்ணி வருமா' என்று கேட்கும் ஒரு கிழவிக்குச் சரியான பதில் கிடைக்கும்.

அதற்கு இன்றைக்கே கணினி வேண்டியதில்லை. இந்த வாரம் வீட்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். பிள்ளையிடம் ஒரு தாள் கொடுத்து, சோறு ஆக்கும் மின்பானையையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அது எதற்கு, எதற்கு அல்ல, என்ன போட வேண்டும், எவ்வளவு, என்ன கிடைக்கும், எது ஆபத்து என்று ஆறு கேள்விக்கும் அதில் விடை இருக்க வேண்டும். அந்தத் தாளை அதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வேலை செய்யச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளை பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. படித்தவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். தப்பு படித்தவர் மேல் அல்ல என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்போது பால்மரக் காடும் இல்லை, எங்கள் லயமும் இல்லை. தோட்டங்களில் அன்று புழங்கிய களைக்கொல்லிகளில் ஒன்றான பாராக்குவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுத் தடை வந்துவிட்டது. ஆனாலும் வருடத்தில் முதல் கட்டுரைப் பாடத்தன்று என் வகுப்பில் ஒரு காலிப் போத்தலை மேசைமேல் வைப்பேன். 'இதற்குள் களைக்கொல்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். சீட்டு எழுதுங்கள்' என்பேன். 'மருந்து' என்று எழுதும் பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. அவர்களை நான் அடிப்பதில்லை. அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சிறுமி இப்படி எழுதினாள்: 'விஷம். புல்லுக்கு மட்டும். தாத்தா, குடிக்காதீங்க. வயிறு வலிச்சா அம்மா வரட்டும்.'

முழு மதிப்பெண் போட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதிய குறிப்பையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.